பழைய ஸ்டீரியோ அம்பிளிபயரில் ஹெட்போன் கேட்பது எப்படி?

எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்த எம்மவர் பலரின் வீடுகளில் ஒரு ஸ்டீரியோ அம்பிளிபயர் இருந்தது. முதல் வேலையின் சம்பளத்தில், பெரும்பாலும் பாவித்த பொருளாக வாங்கியது. பிள்ளைகள் வளர, கைத்தொலைபேசி வர, அது கராஜுக்குள் போனது. எறியவும் மனம் வராது, எடுத்துப் பாவிக்கவும் நேரம் வராது.

சென்ற மாரிகாலத்தில் எமது அம்பிளிபயரை நாம் தூசு தட்டி எடுத்ததற்குக் காரணம் ஒரு கசெற். 1991 இல் அம்மா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஓட்டிய ரெக்கோடரில் பதிந்த குரல். சன்னமானது, இரைச்சல் மிகுந்தது. இங்கே அடுக்குமாடி வீட்டின் சுவர் மெல்லியது. இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்ட முடியாது. மகனின் ஹெட்போனை வாங்கி அம்பிளிபயரில் செருகிக் கேட்டோம். அடித்தொனி வீங்கி எல்லாவற்றையும் மூடியது. அம்மா கதைக்கிறா என்று தெரிந்தது. என்ன கதைக்கிறா என்று தெரியவில்லை.

நாம் படித்தது வணிகம், செய்வது கணக்கு வேலை. ஆனால் ஏன் இப்படி என்று தேடிப் படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, அளந்தும் பார்த்தோம். இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு உதவும் என்பதால் அதைத் தொகுத்துத் தருகிறோம்.

முன்பக்கத் துளைக்குப் பின்னால் இருப்பது

அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் 1958 இல் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். எழுபதுகளில் வந்த அம்பிளிபயர்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் 6.35 மில்லிமீற்றர் அளவுள்ள ஹெட்போன் துளை இருந்தது. ஆனால் அதற்கென்று உள்ளே தனியாக ஒரு சிறிய அம்பிளிபயர் வைக்கப்படவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் அதே மின்சாரத்தை, வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றுமாக ரெசிஸ்டர் என்னும் தடையிகளைப் போட்டு மட்டுப்படுத்தி, அந்தத் துளைக்குக் கொடுத்தார்கள். தடையியின் அளவு பொதுவாக 200 முதல் 500 ஓம் வரை இருக்கும்.

அக்காலத்துக்கு அது சரியான ஏற்பாடு. செலவு குறைவு, ஹெட்போனும் எரியாது. எந்த ஹெட்போன் பொருந்தும், ஏன் சத்தம் மாறுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தத் தடையியில்தான் விடை இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுக்கும் அம்பிளிபயர் ஒன்றை எடுப்போம். முழுச் சத்தத்தில் அது சுமார் 18 வோல்ட் கொடுக்கும். உள்ளே 330 ஓம் தடையி இருக்கிறது என்று வைப்போம். தடையியும் ஹெட்போனும் அந்த 18 வோல்ட்டைத் தம் அளவுக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்ளும்.

300 ஓம் ஹெட்போனைச் செருகினால் அதன் பங்கு சுமார் 8.5 வோல்ட், அதாவது 240 மில்லிவாட். 32 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது சுமார் 1.6 வோல்ட், அதாவது 80 மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டுமே காதுக்கு வேண்டியதைவிட மிக அதிகம். ஆகவே பிரச்சினை வலுவில் இல்லை, தொனியில்தான் இருக்கிறது.

ஹெட்போனில் எழுதியிருக்கும் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பல ஹெட்போன்களில் அடித்தொனிப் பகுதியில் அது மேலே ஏறும். 32 ஓம் ஹெட்போன் ஒன்று அடித்தொனியில் 64 ஓம் ஆகிறது என்று வைப்போம். பங்குக் கணக்கைத் திரும்பப் போட்டால், அந்த இடத்தில் சத்தம் 5 டெசிபெலுக்கு மேல் கூடிவிடுகிறது. 300 ஓம் ஹெட்போன் 500 ஆக ஏறினாலும் கூடுவது 2 டெசிபெல் மட்டுமே. முன்னையது பேச்சை மூடிவிடும். பின்னையது பாட்டுக்குச் சற்று இதமாகக்கூட இருக்கும். மகனின் ஹெட்போனில் நடந்தது என்னவென்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எமக்கு விளங்கியது.

எந்த ஹெட்போனை எடுக்கலாம்?

250, 300, 600 ஓம் அளவுள்ளவை பழைய அம்பிளிபயருக்கு நன்றாகப் பொருந்தும். செனைசர் எச்டி 600, எச்டி 650 ஆகியவை 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 990 பல அளவுகளில் வந்தது; வாங்கும்போது 250 அல்லது 600 ஓம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் இவற்றின் சத்தம் பலவேளை போதாமல் இருக்கும். பழைய அம்பிளிபயரில் தாராளமாகக் கிடைக்கும்.

பிளேனர் வகை ஹெட்போன்களின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், குறைந்த ஓம் உள்ளவையும் தொனி மாறாமல் ஒலிக்கும். காதுக்குள் செருகும் சிறியவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஒலி மாறுவதோடு, சிறிய தவறும் காதைப் பாதிக்கும்.

சிறிய பிளக்கைப் பெரிய துளைக்கு மாற்றும் அடப்டர் ஸ்டீரியோ வகையாக இருக்க வேண்டும். பழைய ஜேர்மன் அம்பிளிபயர் சிலவற்றில் வட்டமான டின் துளை இருக்கும். அதற்குத் தனி அடப்டர் தேவை. துளை பழுது என்பதற்காக, பின்பக்க ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்போனை நேரடியாக இணைக்க வேண்டாம். தடையி இல்லாமல் முழு வலுவும் காதுக்கு வந்துவிடும்.

செருகுவதற்கு முன்

முதலாவது, மின்சாரம். எம்மவர் நாடு விட்டு நாடு மாறும்போது சாமான்களும் கூடவே போகின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், யப்பானில் 100, இங்கும் ஐரோப்பாவிலும் இலங்கையிலும் 230. ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தமது அம்பிளிபயரைப் பிளக்கை மட்டும் மாற்றி இங்கே செருகினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, புகை வந்தது. பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டை முதலில் வாசியுங்கள். 120 என்றிருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் தேவை.

இரண்டாவது, வயது. உள்ளே இருக்கும் கப்பாசிற்றர்கள் முப்பது நாற்பது ஆண்டுகளில் காய்ந்து தளர்ந்துவிடும். ஹம் என்ற உறுமல் அதன் பொதுவான அறிகுறி. பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

மூன்றாவது, மூடியைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒரு சோதனை. ஸ்பீக்கர் வயர்களையும் ஹெட்போனையும் கழற்றி, சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு மல்ரிமீற்றரை நேர்மின் மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பக்க ஸ்பீக்கர் முனைகளுக்கும் இடையே அளவுங்கள். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. 100 ஐத் தாண்டினால் ஹெட்போனைச் செருகாமல் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே சில அம்பிளிபயர்களில் ஹெட்போன் துளையைக் காப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வால்வு அம்பிளிபயர் வைத்திருப்பவர்கள், உற்பத்தியாளரின் கையேடு அனுமதித்தாலன்றி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை ஓடவிடக்கூடாது.

கேட்கும்போது

அம்பிளிபயரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் ஹெட்போன் காதில் இருக்கக்கூடாது. 'டொப்' என்ற அந்த அடி ஹெட்போனுக்கும் நல்லதல்ல, காதுக்கும் நல்லதல்ல. போட்டு, சில விநாடி பொறுத்து, சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, அதன் பிறகு காதில் மாட்டுங்கள்.

சத்தக் குமிழைத் தொட்டவுடனே சத்தம் பாய்கிறது என்பது பலரின் முறைப்பாடு. பழைய அம்பிளிபயரின் உள்ளீடு சுமார் 150 மில்லிவோல்ட்டுக்கே முழு வலுவையும் கொடுக்கும்படி அமைந்தது. 1982 இல் வந்த சிடி கருவிகள் கொடுப்பது 2 வோல்ட். கணினியிலோ தொலைபேசியிலோ சத்தத்தைக் குறைத்து அனுப்புங்கள். அம்பிளிபயரில் மியூட்டிங் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். பலவற்றில் அது 20 டெசிபெல் குறைக்கும். குமிழின் தொடக்கப் பகுதியில் ஒரு பக்கச் சத்தம் குறைவாக இருப்பதும் இதனால் சரியாகும்.

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், மின்தொடுகைகளுக்கென்று விற்கும் கிளீனரைத் திருத்துபவர் அடித்துத் தருவார். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்க வேண்டாம்.

சத்தத்தில் ஆசை வைக்க வேண்டாம். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார அமைப்பு கூறும் பாதுகாப்பான எல்லை. ஐம்பதைத் தாண்டிய எமக்கு இழக்க அதிகம் மிச்சமில்லை.

வரவும் செலவும்

ஹெட்போனில் கேட்கும்போதும் அம்பிளிபயர் சும்மா 30 வாட் அளவில் இழுக்கும். தினமும் இரண்டு மணித்தியாலம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 யுனிற். பெரிய செலவல்ல. ஆனால் ஹெட்போனுக்காகவே பழைய அம்பிளிபயர் ஒன்றைத் தேடி வாங்குவது வீண். திருத்தக் கூலியோடு சேர்த்துப் பார்த்தால், புதிய சிறிய ஹெட்போன் அம்பிளிபயர் மலிவாக முடியும். வீட்டில் ஏற்கெனவே கிடப்பவர்களுக்கே நாம் இதைச் சொல்கிறோம்.

அவர்களுக்கு ஒரு இலாபமும் உண்டு. மோனோ பொத்தானும் தொனிக் குமிழ்களும் தொலைபேசியில் இப்படிக் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதில்லை. சிறிய ரெக்கோடரில் பதிந்த குரல் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. நாடாவின் இரைச்சல் பக்கத்துக்குப் பக்கம் வேறு. மோனோவை அழுத்தினால் இரண்டு பக்கமும் கூடி, குரலோடு ஒப்பிடும்போது இரைச்சல் 3 டெசிபெல் இறங்கும். மேல்தொனியைச் சற்றுக் குறைத்தால் இன்னும் இறங்கும். முழுதாகக் குறைத்தால் மெய்யெழுத்துகள் மங்கிவிடும்.

பாவித்த 250 ஓம் ஹெட்போன் ஒன்றை வாங்கி, மோனோவை அழுத்தி, அந்தக் கசெற்றைத் திரும்பப் போட்டோம். இம்முறை சொற்கள் வந்தன. குளிருக்குள் காதை மூடிக்கொண்டு போ என்று சொல்கிறா. பின்னால் கிணற்றில் வாளி விழும் சத்தமும் கேட்டது.

இப்படிக் கசெற் வைத்திருப்பவர்கள் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அம்பிளிபயரின் பின்பக்கத்தில் ரெக் அவுட் அல்லது டேப் அவுட் என்று எழுதிய துளைகள் இருக்கும். அதிலிருந்து கணினிக்கு ஒரு வயர் கொடுத்தால், சத்தக் குமிழின் பாதிப்பில்லாமல் அப்படியே பதிந்துகொள்ளலாம். நாடா ஒவ்வொரு ஆண்டும் தேய்கிறது. அம்பிளிபயர் வேலை செய்யும் போதே அதைச் செய்துவிடுங்கள்.