ஆசிரியர்கள் மாணவர்களான கோடைக்காலம்



இங்கே வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் பலர் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கிறார்கள். அப்பள்ளிகளில் பாடம் நடத்தும் சகோதர சகோதரிகளும் நம்மிடையே உண்டு. "சனிக்கிழமை டிரெயினிங் இருக்கிறது" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை. 'டீச்சருக்கே பாடமா?' என்று பிள்ளைகள் கேட்கலாம். ஒரு வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதிக்கரையில் உள்ள ஊர் ஹோஷங்காபாத். இன்று அதன் பெயர் நர்மதாபுரம். அதன் அருகே ரசூலியாவில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய நண்பர்கள் கிராம மையம் இருந்தது. அந்த மையமும், அனில் சத்கோபால் என்ற விஞ்ஞானியின் கிஷோர் பாரதி அமைப்பும் 1972-இல் கைகோத்தன. அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலை மனப்பாடமாக அல்லாமல், செய்து பார்த்துக் கற்கும் பாடமாக மாற்றத் தொடங்கின.

ஆனால், செய்து பார்த்தே அறியாத ஆசிரியர் எப்படிச் செய்யவைப்பார்? ஆகவே முதலில் ஆசிரியர்கள் மாணவர்களானார்கள். 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளின் பாடங்களுக்காக மூன்று கோடைக்காலங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வாரங்கள் பயிற்சி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்தார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொரு சோதனையையும் தங்கள் கையாலேயே செய்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லையா? கருவேல முள் போதும்! ஒருவருக்கு வந்த விடை மற்றவருக்கு வராதபோது, ஏன் என்று விவாதித்தார்கள். "எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்" என்று பிள்ளைகள் முன் சொல்வது எந்த ஆசிரியருக்கும் எளிதல்ல. அந்தத் தைரியத்தைத்தான் அவர்கள் முதலில் கற்க வேண்டியிருந்தது.

பயிற்சி கோடையோடு முடியவில்லை. மாதந்தோறும் கூடி, வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள். 'பால் வைஞானிக்' என்ற பாடநூல் அவர்களுடைய அனுபவத்தைக் கொண்டே திருத்தப்பட்டது. தேர்விலும் மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்.

1978-இல் மாவட்டம் முழுவதும் இத்திட்டம் பரவியது. 1982-இல் ஏகலவ்யா என்ற அமைப்பு இதை ஏற்று நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டிய பின், 2002-இல் மாநில அரசு இதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு! ஆனாலும் அது வீணாகவில்லை. செய்து கற்றல் என்ற கருத்து 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தில் இடம்பெற்றது.

அங்கே பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்தார். பிள்ளைகளே, மருந்து நீக்கிய குச்சிகளால் நீங்களும் ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்து பாருங்கள். மெதுவாக அழுத்தினால் சதுரம் சாயும், முக்கோணம் நிற்கும். அடுத்த முறை ஆராதனைக்கு வரும் வழியில் கிரேன்களைப் பாருங்கள். அவற்றின் கைகளில் எத்தனை முக்கோணங்கள்! ஏன் என்று உங்கள் டீச்சரிடம் கேளுங்கள்.

பெற்றோரே, "செய்து பார்ப்போம் வா" என்று அந்த டீச்சர் சொன்னால், அவருக்கு நன்றி சொல்ல மறவாதீர்கள்.