கோடியக்கரை: குளிர்காலப் பறவை நோக்கலின் வரலாறு

கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ளது. சோழமண்டலக் கடற்கரை மேற்கே திரும்பும் இம்முனையில் வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் இதன் சதுப்பு நிலம் நிரம்பும் காலத்தில் வடபுலத்துப் பறவைகள் இங்கு வந்து சேர்கின்றன. அக்டோபர் முதல் மார்ச் வரை அவற்றைக் காணலாம்.

வலசை பற்றிய அறிவு தமிழகத்துக்குப் புதிதன்று. சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடலில் செங்கால் நாரை, தென்குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் பறவையாக அழைக்கப்படுகிறது. ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்பதைச் சான்றுடன் அறிய இருபதாம் நூற்றாண்டின் வளையமிடும் ஆய்வுகள் தேவைப்பட்டன.

நோயிலிருந்து பிறந்த ஆய்வு

1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகளையும் மனிதர்களையும் ஒரு புதிய காய்ச்சல் தாக்கியது. அதன் வைரஸ், ரஷ்யாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரசை ஒத்திருந்தது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் வழியே அது வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இதை ஆராய உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசை ஆய்வைத் தொடங்கியது. பறவையியலாளர் சாலிம் அலி அதற்குத் தலைமை தாங்கினார். பின்னர் இவ்வாய்வின் முக்கிய மையங்களில் ஒன்றாகக் கோடியக்கரை வளர்ந்தது.

பறவையை வலையில் பிடித்து, எடையும் சிறகின் நீளமும் அளந்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டி விடுவிப்பார்கள். வளையத்தைக் கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பறவையைக் காயமின்றிப் பிடிப்பது எளிதன்று. பரம்பரையாகப் பறவை பிடித்து வந்த பீகாரின் மீர்ஷிகார் மக்களின் திறமையைக் கழகம் இதற்குப் பயன்படுத்திக்கொண்டது. விற்பனைக்காகப் பிடித்த கைகளே ஆய்வுக்கும் உதவின.

பாதுகாப்பு

1967-ல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான்களும் உலர் பசுமைமாறாக் காடும் இதன் சிறப்புகள். 2002-ல் இச்சரணாலயம், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவை அடங்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுவே. அடுத்தவை 2022-ல்தான் வந்தன.

உப்பும் பறவையும்

வேதாரண்யத்தின் உப்பு 1930-ல் ராஜாஜி நடத்திய உப்புச் சத்தியாகிரகத்தால் நாடறிந்தது. பிற்காலத்தில் அதே உப்புத் தொழில் பறவைகளின் வாழ்விடத்தோடு மோதியது. சைபீரியத் துருவப் பகுதியிலிருந்து வரும் கொசு உள்ளான் சுமார் 25 கிராம் எடை கொண்டது. நீர் அதன் காலளவுக்கு மேல் ஏறினால் அதனால் சேற்றில் இரை தேட இயலாது. இங்கே ஓத ஏற்ற இறக்கம் குறைவு. சதுப்பின் நீர்மட்டத்தைக் காற்றும் மழையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. பெரிய உப்பளங்களுக்காகக் கடல்நீரைத் தேக்கும்போது நீரின் ஆழமும் உவர்ப்பும் மாறுகின்றன. சேற்றில் உள்ள புழு, பூச்சி வகைகளும் மாறுகின்றன. நெடுங்காலோடு உவர்நீரில் வடிகட்டி உண்ணும் பூநாரைக்கு இம்மாற்றம் ஓரளவு பொருந்தலாம். சிறிய உள்ளான்களுக்குப் பொருந்தாது.

1980-களின் பதிவுகளைப் பின்னாளைய பதிவுகளோடு ஒப்பிட்ட கழக ஆய்வாளர்கள், சிறு கரைப்பறவைகள் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டனர். உப்பளங்களின் விரிவு, நன்னீர் வரத்துக் குறைவு, கள்ள வேட்டை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. கடந்த நூற்றாண்டில் இங்கு பதிவான கரண்டிமூக்கு உள்ளான் 2008 முதல் உலக அளவில் மிகவும் அருகிய இனங்களின் வரிசையில் உள்ளது.

பட்டியலும் கணக்கெடுப்பும்

பறவை நோக்குவோர் பலர் சனவரி முதல் நாளில் ஆண்டுப் பட்டியலைத் தொடங்குகின்றனர். அவ்வாண்டில் பார்க்கும் ஒவ்வோர் இனத்தையும் ஒருமுறை குறித்துக்கொள்வதே இதன் முறை. உள்ளூர்ப் பறவைகளோடு வலசைப் பறவைகளும் திறந்த வெளியில் கூடியிருப்பதால் ஈரநிலமும் கடற்கரையும் இதற்கு ஏற்றவை. ஒரே காலையில் பூநாரை, ஊசிவால் வாத்து, ஆலா, கோட்டான், உள்ளான் வகைகள் என நீண்ட பட்டியல் கிடைக்கும்.

ஆனால் ஆண்டுப் பட்டியலில் ஒரு பறவையைக் கண்டாலும் ஆயிரம் பறவைகளைக் கண்டாலும் ஓர் இனம் என்றே பதிவாகும். ஓர் இனம் ஆயிரத்திலிருந்து பத்தாகக் குறைந்தாலும் பட்டியலின் நீளம் மாறாது. எனவே எண்ணிக்கையும் தேவைப்படுகிறது. 1987-ல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தன்னார்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றனர். இதில் ஊர்க்குளமும் வயலும்கூட இடம்பெறுகின்றன. மாணவர்கள் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட இனங்கள் அனைத்தையும் அவற்றின் எண்ணிக்கையையும் இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யலாம். முழுமையான பதிவில் இடம்பெறாத இனமும் ஒரு தகவலே. ஆண்டுகள் பல சேரும்போது, ஓர் ஈரநிலத்திலிருந்து எந்தப் பறவை எப்போது விலகத் தொடங்கியது என்பதை அப்பதிவுகள் காட்டும்.