குண்டத்தருகே ஓர் ஊர்தி

தீயைத் தேவன் என்றனர், அவி சொரிந்தனர். அத்தேவன் ஏழையின் ஓலைக் குடிசையைத் தின்றபோது தெய்வக்குற்றம் என்றனர். நம் நாட்டில் மட்டுமா? 1666-இல் இலண்டன் எரிந்தபோதும், ஆண்டவன் தண்டனை என்றே பாதிரிமார் பேசினர். 1672-இல் ஆம்ஸ்டர்டாம் ஓவியர் யான் வான் டெர் ஹெய்டன் தோலால் நீர்க்குழாய் செய்தார். வேண்டுதலுக்கு அடங்காத நெருப்பு குழாய்க்கு அடங்கிற்று!

சென்னையில் தீயணைப்புப் படை அமைந்தது 1908-இல். அதற்கு இருபதாண்டுகட்கு முன்பே, 1888-இல், கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்துவிட்டது. பஞ்சில் சிக்கிய இரும்புத் துண்டொன்று இயந்திரத்தில் உராய்ந்தால் போதும். பொறி பறக்கும், நொடியில் கூடமெங்கும் தீ. அணைக்க நீர்? சிறுவாணி வந்து சேர 1930-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை கோவை காத்திருந்தது.

ஆலைக்காவது முதலாளி உண்டு. சேரிக்கு? ஊர்க்கிணற்றில் வாளி விடாதே என்று விரட்டப்பட்ட மக்கள், தம் கூரை எரிகையில் எந்த நீரை இறைப்பர்? தீயணைப்போர் குழாய் சாதி கேட்பதில்லை. ஆனால், வண்டி நுழைய வழியற்ற சந்தில் அடைக்கப்பட்ட குடிசைக்கு அக்குழாய் எட்டுவதுமில்லை.

பண்ணாரியில் பங்குனிக் குண்டம். அம்மன் காப்பாள் என்று தணலில் இறங்குகின்றனர் பக்தர்கள். அருகே நீர் நிரப்பிய தீயணைப்பு ஊர்தி நிற்கிறது. அதை வரவழைத்தவர் யார், தோழர்களே?