வினையூக்கிவழி நைட்ரஜன் ஆக்சைடு ஒடுக்கம்

அனல்மின் நிலையம், டீசல் எஞ்சின் ஆகியவற்றின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை, அம்மோனியா கலந்து வினையூக்கியின் மேல் செலுத்தி, நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் முறை. அமெரிக்காவின் எங்கல்ஹார்ட் நிறுவனம் 1957இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. டைட்டானியம் ஆக்சைடின் மேல் வனேடியம் ஆக்சைடு படிந்த வினையூக்கியை உருவாக்கி, 1970களில் மின் நிலையங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர். இது வேலைசெய்ய 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அம்மோனியா வினையூக்கியில் ஒட்டிக்கொண்டுதான் வினை தொடங்குகிறது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்; எந்த வகை அமில மையத்தில் ஒட்டுகிறது என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

வினையூக்கியின் செயலிழப்பு விரிவாகப் பதிவானது 1980களின் மேற்கு ஜெர்மனியில். பெரிய கொதிகலன்களின் புகை உமிழ்வைக் கட்டுப்படுத்திய 1983ஆம் ஆண்டு ஆணையை அடுத்து, மின் நிலையங்கள் இம்முறைக்கு வேகமாக மாறின. அங்கே பல கொதிகலன்கள் சாம்பலை உருக்கிக் கசடாக வெளியேற்றுபவை. புகையில் பறந்துவந்த சாம்பலையும் மறுபடி உலைக்குள் அனுப்பி உருக்கின. ஒவ்வொரு சுற்றிலும் சாம்பலிலிருந்த ஆர்செனிக் ஆவியாகிப் புகையில் சேர்ந்துகொண்டே போனது. ஆர்செனிக் ஆக்சைடு வாயு நுண்துளைகளில் புகுந்து படிய, வினையூக்கியின் திறன் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சரிந்தது. துளைகளை அடைத்ததால் கெட்டதா, வினை நிகழும் இடங்களையே பற்றிக்கொண்டதால் கெட்டதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை, இரண்டும் நடந்திருக்கலாம்.

தீர்வுகளில் அழகானது, மிக எளியதும்கூட: நிலக்கரியோடு கொஞ்சம் சுண்ணாம்புக்கல் சேர்த்து எரிப்பது. அதிலிருந்து வரும் கால்சியம் ஆக்சைடு, வாயு நிலையிலேயே ஆர்செனிக்கைப் பிடித்துத் திடப்பொருளாக்கிவிடும். ஆனால் கால்சியம் மிகுதியான நிலக்கரியில், அதே கால்சியம் கால்சியம் சல்பேட்டாக மாறி வினையூக்கியின் மேற்பரப்பை மூடி அதைக் கெடுக்கவும் செய்கிறது. மாலிப்டினம் கலந்த வினையூக்கிகளும் ஆர்செனிக்கை ஓரளவு தாங்கின. சில நிலையங்கள் வினையூக்கியைக் கந்தக நீக்கக் கலத்துக்குப் பின்னால் வைத்தன. ஆனால் குளிர்ந்துவிட்ட புகையை அங்கே மறுபடி சூடாக்க வேண்டியிருந்தது.

நிலக்கரியில் ஆர்செனிக்கைப் போல, வைக்கோல், மரம் எரிக்கும் கொதிகலன்களில் பொட்டாசியம் வினையூக்கியைக் கெடுக்கிறது.

இந்தியாவில் அனல்மின் நிலையங்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்புகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. பின்னர் ஒரு பகுதி தளர்த்தப்பட்டது. சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியில் வினையூக்கி அரிப்பைத் தாங்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தபின் லாரிகளில் இம்முறை பரவலாயிற்று. அவற்றில் அம்மோனியாவைத் தருவது 32.5 விழுக்காடு யூரியா கரைசல்.