தங்கிய பிள்ளைகள்

கார்த்திகை தீபத் திருவிழா நாட்களில் திருவண்ணாமலை மாட வீதிகளில் நடந்தவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பர். முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் புடவையைத் தொட்டிலாகப் பிணைத்து, உள்ளே கைக்குழந்தையைக் கிடத்தி, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாகத் தோளில் சுமந்து பெற்றோர் வலம் வருவர். கரும்புத் தொட்டில் எடுத்தல் என்பது இவ்வூரின் புகழ்பெற்ற நேர்த்திக்கடன். பிள்ளைப்பேறு வேண்டிக்கொண்டவர்கள், பேறு வாய்த்த பின் செலுத்தும் நன்றி என்று இதனை விளக்குவர். விளக்கம் சரியே. ஆயினும் முழுமையானதன்று என்பது நமது எண்ணம்.

நம் பாட்டியிடம் எத்தனை பிள்ளைகள் என்று எவரேனும் கேட்டால், அவர் ஒரே எண்ணில் விடை சொன்னதில்லை. "பெத்தது எட்டு, தங்குனது மூணு" என்பார். அழுகையின்றி, வீட்டுக் கணக்கு ஒப்பிப்பவர்போல் சொல்வார். 'தங்குதல்' என்ற இச்சொல்லைச் சிறுவயதில் நாம் கருதிப் பார்த்ததில்லை. தமிழ் பயின்று, தமிழ் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அதன் கனம் புலப்பட்டது. வந்த பிள்ளை விருந்தினர், தங்கினால்தான் மகவு. பிறப்பும் தங்குதலும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்றிருந்த காலத்தின் சொல் அது. கரும்புத் தொட்டிலில் சுமக்கப்படுவது பிறந்த பிள்ளை மட்டுமன்று, தங்கிய பிள்ளை. இந்த அச்சத்தின் வரலாற்றைச் சிறிது பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலத்தின் கதையிலிருந்தே தொடங்குவோம். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனிடம் இறைவன் அடியாராக வந்து, அரசி சல்லமாதேவி தொட்டதும் குழந்தையாகி, பின் மறைந்தான் என்றும், மன்னனுக்கு மகனாகி ஈமக்கடன் செய்வதாக வாக்களித்தான் என்றும் எல்லப்ப நாவலரின் அருணாசலப் புராணம் கூறும். இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அம்மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். வரலாற்று வல்லாளன், போசள மரபின் மூன்றாம் வல்லாளன். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்து, 1342ஆம் ஆண்டளவில் மதுரை சுல்தானுடன் நிகழ்ந்த போரில் பிடிபட்டு மாண்டவன். அவனுக்குப் பின் அவன் மகன் நான்காம் வல்லாளனாகப் பட்டமேற்றான் என வரலாறு குறிக்கிறது. மகனிருந்த மன்னனை மக்கள் மனம் ஏன் மகவற்றவனாக நினைவில் வைத்தது? கையில் ஏந்திய குழந்தை கண்ணெதிரே மறைந்துபோகும் கதையை ஊர் ஏன் இத்துணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது? அப்படி மறைந்த குழந்தைகளை எல்லா வீடும் அறிந்திருந்தது என்பதே நமக்குத் தோன்றும் விடை.

இவ்வச்சம் தமிழின் மிகப் பழைய ஏடுகளிலேயே பதிவாகியுள்ளது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையை வியக்கும் புறநானூற்றுப் பாடல், அவன் ஐம்படைத் தாலியை இன்னும் களையாதவன் என்றும், பால் மறந்து சோறுண்டது அன்றைக்குத்தான் என்றும் சொல்கிறது. திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவில் செய்து குழந்தையின் மார்பில் அணிவித்த காப்பு அத்தாலி. குறுந்தொகையில் ஒரு தாய், புலிப்பல் தாலி அணிந்த மகனை மழையிரவில் தழுவிக் கிடக்கிறாள். அரசன் வீட்டில் பொன்னாலான ஐம்படை, குறிஞ்சி நிலத்தில் புலிப்பல். பொருள் வேறு, நடுக்கம் ஒன்று.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை வகுப்பில் நடத்தும்போது, பத்துப் பருவங்களையும் மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிப்பர். முதற்பருவம் ஏன் காப்பு என்று கேட்டால், மரபு என்பர். செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை பதின்மூன்றாம் மாதம் என்று பொதுவாக வகுத்துரைக்கும் அவ்வரிசையை இன்றைய குழந்தை மருத்துவரிடம் காட்டினால், தலை நிமிர்த்தல், கைகொட்டல், தளர்நடை என வளர்ச்சிப் படிகளாகவே அவர் அதனை வாசிப்பார். அப்படிகளில் ஏறுமுன், முதல் சில மாதங்களைக் குழந்தை கடந்தாக வேண்டும். ஆகவே எல்லாத் தெய்வங்களையும் அழைத்துக் காவல் நிறுத்திவிட்டே புலவன் மேலே பாடுகிறான். பெரியாழ்வாரின் யசோதை அந்திப்பொழுதில் கண்ணனைக் காப்பிட அழைப்பதும் இதனாலேயே. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர்கூட ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூர் சந்நிதியில் கொண்டு கிடத்தினர் என்றும் மரபு சொல்கிறது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலக நோயுற்ற மகளைக் கோயிலில் கிடத்திவிட்டு நின்ற கொல்லி மழவனைப் பெரியபுராணம் காட்டுகிறது. மழவன் சிற்றரசன். அவனுக்கும் அன்று வேறு போக்கிடமில்லை.

ஏடறியாத குடும்பங்கள் இந்த அச்சத்தைப் பெயர்களில் எழுதி வைத்தன. முன்பிறந்தவை இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பு, குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டனர். பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கினர். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றனர். பிச்சை என்றும் மண்ணாங்கட்டி என்றும் அழைத்தனர். எமன் விரும்பாத பொருளாகப் பிள்ளையைக் காட்டி ஏமாற்றும் உத்தி இது. நம் வட்டாரத்தின் பழைய பத்திரங்களையும் வாக்காளர் பட்டியல்களையும் புரட்டுங்கள். ஒவ்வொரு குப்பம்மாளுக்கும் முன்னே பெயரில்லாத ஓர் அக்காவோ அண்ணனோ நிற்பதைக் காணலாம். குழந்தை இறப்புக்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய ஆவணம் இப்பெயர்களே.

அச்சம் மருத்துவத்தையும் வளர்த்தது. பாலவாகடம் என்ற பெயரில் குழந்தை நோய்களுக்கென்றே சித்த மருத்துவத்தில் ஒரு துறை உண்டு. மாந்தம், கணம், தோஷம், அக்கரம் என நோய்களை வகுத்து அவற்றுக்குள் உட்பிரிவுகளையும் அது கண்டது. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்து வீடுதோறும் இருந்தது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். இரவில் அதன் பெயரையும் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்றே கேட்டு வாங்குவர்.

இங்கே நாம் பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. நம் முன்னோர் கூர்ந்து பார்த்தனர். பார்த்ததை எப்போதும் சரியாகப் பொருள்கொள்ளவில்லை. பேதி கண்ட குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாவதைக் கிழவிகள் அறிந்திருந்தனர். அதன்மேல் விளக்கெண்ணெய் தொட்டு வைத்தனர். உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. அக்குழந்தைக்கு வேண்டியது நீர். ஆனால் பேதியாகிறது என்றால் தண்ணீரையும் பாலையும் நிறுத்துவதே பல வீடுகளில் வழக்கமாயிருந்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைத்ததும், வலிப்புக் கண்ட பிள்ளைக்குச் சூடு போட்டதும் அன்பின் பெயராலேயே நடந்தன. அன்பு குறைந்ததால் பிள்ளைகள் இறக்கவில்லை.

பேதிக்கான விடை மிக எளியது என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவிலிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்களுள் பலர் நோயாளிகளின் உறவினர்களே. உப்பும் சர்க்கரையும் நீரும் இல்லாத அடுக்களை எது? நம் பாட்டியின் அடுக்களையிலும் மூன்றும் இருந்தன.

அம்மையின் வரலாறு வேறு வகையானது. பெரியம்மை நோயாக அன்றி வருகையாகவே கொள்ளப்பட்டது. வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, மாரியம்மன் இறங்கும்வரை வீடு மூச்சடக்கிக் காத்திருந்தது. ஜென்னரின் அம்மைப்பால் பாக்தாத், பஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறிப் பம்பாய் சேர்ந்து, 1802 ஜூன் 14 அன்று மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குத்தப்பட்டது. திருக்குறளுக்கு உரைகண்ட சென்னைக் கலெக்டர் எல்லிஸ், அம்மைப்பால் பசு தந்த தெய்வக்கொடை என்று புராணப் பாங்கில் தமிழில் ஒரு படைப்பையே எழுதினார். அம்மை குத்துவோர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளைப் பரண்மேல் ஒளித்த கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நிய அரசின் ஊசி, பிள்ளையின் கை, குழந்தையிலிருந்து குழந்தைக்குச் சாதி கடந்து செல்லும் பால். அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. கன்றுகளிலிருந்து அம்மைப்பால் தயாரிக்கக் கிண்டியில் கிங் நிலையம் 1899இல் தோன்றியது. இந்தியாவில் பெரியம்மை 1975இல் முடிந்தது. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பது நிற்கவில்லை. நிற்கவேண்டியதுமில்லை. வார்க்கும் கைகளில் இருந்த நடுக்கம் மட்டும் நின்றுவிட்டது.

இளம்பிள்ளைவாதத்தின் கதையில் நம் வட்டாரத்துக்கே பங்குண்டு. திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜேக்கப் ஜான், 1981இல் வேலூரில், ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் குறிப்பிட்ட நாட்களில் ஒருசேரச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்துகாட்டினார். பின்னர் வட ஆற்காட்டு மருத்துவர்கள் தாம் கண்ட நோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப, அவற்றைத் தொகுத்து எந்த ஊரில் எந்நோய் தலைகாட்டுகிறது என்று கண்காணிக்கும் ஏற்பாடும் உருவாயிற்று. கணினி எட்டிப்பாராத காலத்தில் அஞ்சலட்டையால் ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளைக் காவல் காத்தனர். காப்புப் பருவத்தின் உரைநடை வடிவம் அது என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம். இந்தியாவின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டாள். 2014இல் இந்நோயற்ற நாடெனச் சான்று கிடைத்தது.

விளைவை எண்களில் காண்போம். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். 2020இல் அந்த எண் 28, தமிழ்நாட்டில் 13. எட்டில் ஒன்று மறைந்த நாட்டில் பெயர்கள் மண்ணாங்கட்டி என்றிருந்ததும், இன்றைய வருகைப்பதிவேட்டில் அப்பெயர்கள் அருகிவிட்டதும் ஒரே செய்தியின் இருபக்கங்கள்.

ஆனால் அச்சம் அகன்ற இடத்தில் மறதி குடியேறுகிறது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தமிழகத்தில் தொடங்கியது. கைபேசிகளில் வதந்திகள் பறந்தன. படித்த பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டனர். கால வரம்பை நீட்டிக்க நேர்ந்தது. பரண்மேல் ஒளித்த கொள்ளுப்பாட்டியும் இவர்களும் ஒன்றல்லர். அவள் ஊசிக்கும் அஞ்சினாள், அம்மைக்கும் அஞ்சினாள். இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இவர்கள் தட்டில் நோய் இல்லவே இல்லை. அது எப்படியிருக்கும் என்பதைச் சொல்லும் பாட்டிகள் போய்விட்டனர். முன்னோர் வழி என்ற பெயரில் முன்னோரின் அறியாமையை மட்டும் மீட்டெடுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர்கள் கண்ணீரோடு தேடியது எதுவோ, அது கிடைத்தபின் வேண்டாமென்பது பெரும் நன்றியின்மை.

பெற்றோரின் கவலை இன்றும் குறைந்துவிடவில்லை. நள்ளிரவில் கொதிக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கை, ஐம்படைத் தாலி கட்டிய கைதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். பேதியில் உப்புச் சர்க்கரை நீரும் பாலும் நிறுத்தலாகாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விரைந்தாலோ, துவண்டாலோ, வலிப்புக் கண்டாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இச்சில வரிகளை எட்டுப் பெற்ற அந்தப் பாட்டியிடம் அன்று எவரும் சொல்லவில்லை. சொல்ல எவருக்கும் தெரிந்திருக்கவுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பெரிய தெருவில் ஒரு கரும்புத் தொட்டில் நம்மைக் கடந்து சென்றது. கூட்டம் நெருக்கவே சுமந்தவர்கள் சற்று நின்றனர். உள்ளே உறங்கிய குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. இடது மேற்கையில் காசநோய்த் தடுப்பூசியின் சிறு வடு. பொட்டு வைத்தவள் பாட்டியாக இருக்கலாம். வடுவுக்காகக் கைக்குழந்தையை ஏந்தி வரிசையில் நின்றவள் தாயாக இருக்கலாம். வழிவிட்டோம். முன்னே சுமந்துசென்ற இளந்தந்தை ஒருமுறை திரும்பி, பிள்ளை உறங்குகிறதா என்று பார்த்துவிட்டு நடந்தான்.