ரவி வர்மா படங்கள்: கையொப்பம் கடைசிச் சாட்சி

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் ‘சகுந்தலை’யும் ‘ஹம்ச தமயந்தி’யும் தமிழர் பலருக்கு முன்பே அறிமுகமானவர்கள். தாத்தா வீட்டுக் கூடத்திலோ செட்டிநாட்டு வளவிலோ கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்த முகங்கள் அவை. கித்தானில் தீட்டிய படமும் காகிதத்தில் அச்சான படமும் ஒரே ஓவியரின் பெயரில் இப்படி அக்கம்பக்கமாக வாழ்வது இந்தியக் கலை வரலாற்றில் அரிது. 2023இல் ரவி வர்மாவின் யசோதை-கிருஷ்ணன் ஓவியம் ஒன்று ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்குப் பிறகு பரணிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பழைய படத்தைப் பற்றியும் ஒரே கேள்வி எழுகிறது: இது அசலா?

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. கிளிமானூரில் 1848இல் பிறந்து 1906இல் மறைந்த ரவி வர்மாவின் பெயரைத் தாங்கிய படங்களை அசல், நகல் என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போட முடியாது. அவரே முழுதும் தீட்டியவை உண்டு. தம்பி ராஜராஜ வர்மா 1905இல் இறக்கும்வரை அண்ணனோடு சேர்ந்து உழைத்தவை உண்டு. விரும்பிக் கேட்ட அரண்மனைகளுக்காக ஒரே பொருளை அவர் திரும்பத் தீட்டியதும் உண்டு. தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியர்தான். இத்தனைக்கும் பிறகுதான் அச்சகம் வருகிறது.

படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் ஏற்றலாம் என்ற யோசனையைச் சொன்னவர் திவானாக இருந்த டி. மாதவ ராவ். ரவி வர்மாவோ ஐரோப்பாவுக்கு அனுப்பாமல், ஜெர்மனியிலிருந்து எந்திரங்களையும் ஆட்களையும் வரவழைத்து 1894இல் பம்பாயில் சொந்தமாகவே கல்லச்சுக்கூடம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது ‘சகுந்தலையின் பிறப்பு’. பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில் அச்சகம் லோணாவளாவுக்கு அருகே மளவலிக்கு இடம்பெயர்ந்தது. கடன் ஏறிய பின், அங்கே வேலைக்கு வந்திருந்த ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரின் கைக்கே அது போய்ச் சேர்ந்தது. 1972இல் தீக்கிரையாகும்வரை அங்கே வேலை நடந்தது.

ஆக, ‘ரவி வர்மா’ என்ற பெயர் ஒரு மனிதருடையது மட்டுமல்ல. அவருக்குப் பிந்தியும் பல பத்தாண்டு ஓடிய ஒரு தொழிற்கூடத்தின் முத்திரையும்கூட. அந்தப் பெயரைப் படத்தின் மூலையில் கண்டதும் அசல் என்று முடிவு கட்டுவது எத்தனை பலவீனமான தர்க்கம் என்பது இதிலிருந்தே விளங்கும். எழுதச் சில நொடிகள் போதுமான கையொப்பத்தை, நூறாண்டு கழித்தும் எவரும் சேர்த்துவிடலாம்.

வேறொரு துறையில் இதே பாடம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் எஃகுத் தலைக்கவசம் சேகரிப்போர் மிக அதிகமாக ஏமாறுவது பக்கவாட்டில் ஒட்டிய சின்னத்தில்தான். சின்னம் இருந்தால் விலை பல மடங்கு ஏறும் என்பதால் உண்மையான பழைய கவசத்தில் புதுச் சின்னத்தை ஒட்டி விற்கிறார்கள். தேர்ந்தவர் கண் அங்கே போவதில்லை. உள்விளிம்பில் பதித்த தொழிற்சாலை எழுத்தையும் அளவெண்ணையும் பார்ப்பார். ‘ஈடி’ என்றிருந்தால் தாலே நகர ஆலையின் தயாரிப்பு. காற்றுத்துளை தனி வளையமா, தகட்டிலேயே அழுத்தியதா என்று பார்ப்பார். அழுத்தியதென்றால் 1940ஐச் சேர்ந்தது அல்லது அதற்குப் பிந்தியது. விளிம்பு மடிக்கப்படாமல் கூராக இருந்தால் 1942 மாதிரி. அந்த 1942 மாதிரியில் தரைப்படையின் மூவண்ணக் கேடயச் சின்னம் இருந்தால் கையோடு சந்தேகப்படுவார். ஏனென்றால் அந்தச் சின்னத்தை இடுவது 1940லேயே கைவிடப்பட்டுவிட்டது.

இங்கே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது அழகின்மை அல்ல, காலமுரண். எந்தப் பகுதி எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்கவே முடியாது என்று தேடும் இந்த முறையே ரவி வர்மா படங்களுக்கும் ஏற்றது.

கித்தான் ஓவியத்தில் முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி வெள்ளை நிறம். ரவி வர்மாவின் காலத்து ஓவியர்களிடம் இருந்தவை ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களிடம் பரவியது அவர் இறந்த பிறகு, 1920களையொட்டி. எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையில் அடிப்படை வண்ணப்பூச்சிலேயே டைட்டானியம் தென்பட்டால் வழக்கு முடிந்தது. ஒரு விதிவிலக்கு உண்டு: பழுதுபார்த்தவர் மேலே பூசிய திட்டிலும் அது இருக்கலாம், ஆகவே எந்த அடுக்கு என்பதைச் சொல்லாத ஆய்வறிக்கை அரைகுறை அறிக்கையே. அடுத்தது புற ஊதா ஒளி. பழைய வார்னிஷ் அதில் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும். கையொப்பம் அந்தப் படலத்துக்கு மேலே மிதந்தால், அது பின்னாளில் வந்து சேர்ந்தது என்று பொருள்.

ஓலியோகிராஃப் எனப்படும் வண்ணக் கல்லச்சில் சிக்கல் இன்னும் சுவாரசியமானது. நகல் என்று தள்ளப்படும் இதற்கே இன்று நகல்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று, கலைஞர்கள் கையால் புள்ளி வைத்து உருவாக்கியவை பழைய அச்சுகள். லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆஃப்செட் நகலில் அவை ஒரே இடைவெளியில் பூவிதழ் வட்டங்களாக வரிசைகட்டி நிற்கும். எண்ணெய் ஓவியம்போலத் தோன்றுவதற்காக மேலே வார்னிஷ் பூசி, கித்தானின் இழைத்தடத்தை அழுத்தியும் விற்றார்கள். அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓவியம் என்று நம்பியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

காகிதமும் பேசும். வெண்மையூட்டும் ஒளிர்பொருள் சேர்த்த காகிதம் பரவியது 1950ஐ ஒட்டி. புற ஊதா ஒளியில் காகிதம் நீலமாகப் பளீரிட்டால் அது ரவி வர்மா காலத்ததும் அல்ல, ஷ்லைகர் காலத்ததும் அல்ல. கீழ் ஓரத்தில் அச்சக விலாசம் இருந்தால் பம்பாயா மளவலியா என்பதைக்கொண்டு காலத்தை மேலும் நெருக்கலாம். ஆனால் சட்டம் போட்ட தச்சர்கள் கண்ணாடி அளவுக்கு ஓரத்தை வெட்டிவிடுவது வழக்கம். மிக நல்ல சான்று பெரும்பாலும் அந்தக் குப்பையோடு போயிருக்கும். தமிழ்நாட்டில் சாமி படங்களுக்குச் சரிகைத் துணியும் சமிக்கியும் ஒட்டி உடுத்திவிட்டார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இப்படி உடுத்திய லட்சுமிகளைக் காணலாம். உடுப்பைச் சிதைவு என்று கழற்றுவது பிழை: அச்சுக்கு வெளியே அந்தப் படம் வாழ்ந்த வாழ்க்கைக்கு அதுவே ஆவணம்.

பொருளைப் பாராமல் ஆளைப் பார்த்து நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளமே உதாரணம் தந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் குற்றப்பிரிவு போலீசார் கொச்சியில் இயங்கிவந்த ஒரு பழம்பொருள் சேகரிப்பாளரைக் கைது செய்தபோது, திப்பு சுல்தானின் சிம்மாசனம் என்றும் மோசேயின் கோல் என்றும் அவர் காட்டிவந்தவை செய்தியாயின. உயர் பதவியில் இருந்தவர்கள் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்களே அதற்கு நற்சான்றாக இருந்தன. மரத்தின் வயதை யாரும் கேட்கவில்லை.

சட்டம் இந்த விவாதத்துக்கு எதிர்பாராத திருப்பம் தருகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது. 1979இல் ரவி வர்மாவின் படைப்புகள் கலைச்செல்வமாகவும் அறிவிக்கப்பட்டன. தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நூறாண்டு என்ற அளவுகோல் அச்சுப்படத்துக்கும் பொருந்தும் என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் மளவலியில் 1910இல் அச்சான ஒரு சரஸ்வதி தொல்பொருள். அதே கற்களிலிருந்து 1940இல் இறங்கிய சரஸ்வதி வெறும் பழைய படம். இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வழங்கும் அதிகாரி. ஓரம் வெட்டப்பட்டு விலாசம் போன படத்தில் காகிதமும் மையும் மட்டுமே அவருக்குத் துணை. அதற்கு ஆண்டு தெளிவாகத் தெரிந்த அச்சுப்படங்களின் ஒப்பீட்டுத் தொகுப்பு ஒன்று வேண்டும். ஓவியரின் சொந்த மண்ணில், கித்தான் ஓவியங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் திருவனந்தபுரத்தைவிட அதற்குப் பொருத்தமான இடம் வேறில்லை.