பட்டா மாற்றாத கோப்பு

குரோம் உலாவியில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்து, கிடைக்கும் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்ற பெயர் நிற்கும். நெட்ஸ்கேப் உலாவியை ஏஓஎல் நிறுவனம் கைகழுவியது 2008 மார்ச்சில். குரோம் வெளிவந்ததே அதற்குப் பிறகுதான். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் பூர்வீக வீட்டில் பேரன்கள் குடியிருப்பது மாதிரி இருக்கிறது இது.

பிறந்த கதை சிறியது. 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவியில் பிடித்த பக்கங்களைச் சேர்க்கும் பட்டியலுக்கு ஹாட்லிஸ்ட் என்று பெயர். மொசைக்கை எழுதியவர்களில் சிலர் வெளியேறி 1994-ல் நெட்ஸ்கேப்பைக் கொண்டுவந்தபோது அது புக்மார்க் ஆனது. பட்டியலை ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கமாகவே வட்டில் எழுதி வைத்தார்கள். முகவரி, தலைப்பு, ஃபோல்டர் பெயர், சேர்த்த நேரம், அவ்வளவுதான். நேரம்கூட 1970 தொடக்கத்திலிருந்து எத்தனை விநாடி என்ற கணக்கில்தான். திறந்த குறிகளை ஒழுங்காக மூடாத, இலக்கணப் பிழையுள்ள எச்டிஎம்எல். ஆனால் எவரும் படிக்கலாம், எந்த உலாவியும் படிக்கலாம். அந்தக் கோப்பு இத்தனை காலம் பிழைத்துக் கிடப்பதற்கு இந்த எளிமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு சுட்டியையும் தனித்தனிச் சிறு கோப்பாக வைத்தது. ஆனாலும் ஏற்றுமதி என்று வந்தால் எதிராளியான நெட்ஸ்கேப்பின் வடிவத்தில்தான் எழுதிக் கொடுத்தது. என் கோப்பு பிறந்தது அப்படித்தான். 2004-ல், ஒரு பிரவுசிங் சென்டரில், ஃப்ளாப்பியில். அப்போது செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளைப் பற்றித் தகவல் தேடிக்கொண்டிருந்தேன். பல தமிழ்ப் பக்கங்கள் அன்று திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் இருந்தன. அவற்றின் தலைப்புகள் என் கோப்பில் இன்றைக்கும் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் கிடக்கின்றன.

சுட்டிகள் நூறைத் தாண்டியதும் ஃபோல்டர் தொல்லை தொடங்கியது. ஏரிப் பாசனம் பற்றிய வெள்ளைக்காரர் காலத்து அறிக்கை ஒன்று. அதை ‘ஏரி’யில் போடுவதா, ‘வருவாய்த் துறை’யில் போடுவதா, ‘19-ஆம் நூற்றாண்டு’க்குள் போடுவதா? ஒன்றில் போட்டால் மற்ற இரண்டில் தேடுவேன்.

இதற்கு வழி காட்டியது ஜோஷுவா ஷாக்டர் 2003-ல் தொடங்கிய டெலிஷியஸ் என்ற இணையச் சேவை. ஃபோல்டரே கிடையாது. ஒரு சுட்டிக்கு எத்தனை டேக், அதாவது அடையாளச் சொல், வேண்டுமானாலும் போடலாம். ஏன் சேர்த்தோம் என்று இரண்டு வரி எழுத இடமும் உண்டு. அதே பக்கத்தை வேறு யார் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுடைய பட்டியலுக்குள் நுழைந்துவிடலாம். ஒருவர் படித்துப்போன தடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றித் தரலாம் என்று 1945-லேயே வனிவர் புஷ் ஒரு கட்டுரையில் கற்பனை செய்திருந்தார். அதற்கு மிக அருகில் வந்தது இதுதான் என்பேன்.

2005 டிசம்பரில் யாஹூ டெலிஷியஸை வாங்கியது. 2010 டிசம்பரில், யாஹூ கைவிடப் போகும் சேவைகளின் பட்டியலில் டெலிஷியஸும் இருப்பதாகச் செய்தி கசிந்தது. நானும் மற்றவர்களைப் போல அலறியடித்துக்கொண்டு ஏற்றுமதி செய்தேன். இறங்கி வந்தது அதே பழைய நெட்ஸ்கேப் கோப்பு, கூடுதலாக டேக்குகளோடு. பிறகு டெலிஷியஸ் யூடியூப் நிறுவனர்கள் சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் கைக்குப் போய், இன்னும் சில கை மாறி, 2017-ல் 35,000 டாலருக்கு பின்போர்டு நடத்தும் மாச்சே செக்வாவ்ஸ்கியிடம் வந்து சேர்ந்தது. பின்போர்டு அவர் ஒருவராகவே நடத்திய போட்டிக் கடை.

என் கோப்பு குரோமுக்குள் போனபோது டேக்குகள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. அங்கே டேக் என்ற வசதியே இல்லை. இரண்டு வரிக் குறிப்புகளும் போயின. தப்பியவை தலைப்பும் முகவரியும் மட்டும். முகவரியைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், தமிழ் விக்கிப்பீடியாவின் ‘ஏரி’ என்ற இரண்டெழுத்து, முகவரிக்குள் விழுக்காட்டுக் குறிகளோடு 27 எழுத்தாக நீண்டு நிற்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஏன் சேர்த்தேன் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுவேன். ‘மதகு அமைப்பு, நல்ல வரைபடம், மூன்றாம் பகுதிக்கு’ என்பதுபோல. ஃபோல்டருக்குத் துறையின் பெயர் வைப்பதில்லை. எழுதப்போகும் கட்டுரையின் பெயரை வைக்கிறேன். கட்டுரை முடிந்ததும் ஃபோல்டரைக் கட்டிப் பரணில் போடுகிறேன்.

ஆனால் கோப்பு பிழைத்தால் பக்கமும் பிழைத்ததாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகத் தரப்பட்ட சுட்டிகளில் பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் கண்டார்கள். நீதிபதிகளுக்கே அந்த கதி. என் 2004 சுட்டிகள் பலவற்றை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில்தான் மீட்டேன். ஆய்வுக்கு உண்மையிலேயே தேவைப்படும் பக்கத்தை இப்போது சொடெரோ என்ற ஆய்வுக் குறிப்பு மென்பொருளில் நகலோடு சேர்க்கிறேன்.

படிக்க வேண்டியவற்றைப் பலர் நம்பிப் போட்டு வைத்த பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. உங்கள் பட்டியல் எந்தக் கடையில் இருந்தாலும் சரி, இன்று ராத்திரிக்குள் ஒரு பிரதி இறக்கி வையுங்கள்.